இலையிலிருந்து மேசைக்கு: மார்சிலிங் தமிழ்க் கிறிஸ்தவர் இல்லங்களில் கிறிஸ்துமஸ் விருந்து மேசை

முன்னுரை

புலம்பெயர்ந்த தமிழரின் வரலாற்றை எழுதியோர் தொழிற்சங்கம், இதழியல், கோயில், பள்ளி ஆகியவற்றிற்கு அளித்த இடத்தை வீட்டினுள் இருக்கும் பொருட்களுக்கு அளித்திலர். தோட்டத் தொழிலாளியின் ஊதியக் கணக்கு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கிறது. அவர்தம் பேரப்பிள்ளையின் வீட்டு உணவு மேசை எவ்வாறு வந்தது என்பதற்கு ஆவணம் இல்லை. எனினும் ஒரு சமுதாயம் யாருடன் அமர்ந்து உண்டது, எத்தகைய மரியாதையுடன் உண்டது என்பதை அறிய மேசையும் ஒரு சான்றாகும். சிங்கப்பூரின் வடகோடியில் உள்ள மார்சிலிங் வட்டாரத் தமிழ்க் கிறிஸ்தவர் இல்லங்களில் டிசம்பர் மாதத்தில் அலங்கரிக்கப்படும் கிறிஸ்துமஸ் விருந்து மேசையை அத்தகைய சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மேசையைக் காண்போர் இதனை மேலைநாட்டு வழக்கத்தின் நகல் என்று எளிதில் கூறிவிடுவர். சிவப்பு விரிப்பு, மெழுகுவர்த்தி, பசுங்கிளை வளையம் ஆகிய அனைத்தும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை என்பது உண்மையே. ஆனால் வந்த பொருட்கள் வந்த பொருளிலேயே நின்றனவா என்பதே நம் வினா. ஏவலரின் உழைப்பையும் விருந்தினரின் படிநிலையையும் காட்டுதற்கு எழுந்த ஓர் அலங்காரம், ஏவலரும் தலைமை இருக்கையும் இல்லாத அடுக்குமாடி வீட்டில் வேறொரு பணியை மேற்கொண்டது என்பது நம் கருத்து.

மேசை என்னும் சொல்

'மேசை' என்பது போர்ச்சுகீசியச் சொல்லாகிய 'மெசா'விலிருந்து தமிழுக்கு வந்தது. அலமாரி, சாவி, சன்னல், கோப்பை, துவாலை ஆகியனவும் அவ்வழி வந்தவையே. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்க சமயம் தழுவியதும், 1578-இல் என்றிக்கே என்றிக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியதும் இத்தொடர்பின் வரலாற்றுப் பின்னணியாகும். நாற்காலிக்கு நான்கு கால்களைக் கொண்டு தமிழிலேயே பெயர் அமைத்துக்கொண்ட தமிழர், மேசைக்கு அவ்வாறு செய்யாமல் வந்த பெயரையே ஏற்றுக்கொண்டமை நோக்கத்தக்கது.

1511-இல் மலாக்கா போர்ச்சுகீசியர் வசமாயிற்று. மலாய் மொழியின் 'மேஜா' என்னும் சொல்லும் 'மெசா'வுடன் இணைத்தே விளக்கப்படுகிறது. தேவாலயத்தைக் குறிக்கும் 'கெரெஜா'வும் அம்மொழி தந்ததே. ஆகவே மார்சிலிங்கின் ஒரே மாடியில் வாழும் தமிழ்க் குடும்பமும் மலாய்க் குடும்பமும் தத்தம் மொழியில் மேசையைக் குறிப்பிடும்போது ஒரே மூலச் சொல்லின் இரு வடிவங்களையே வழங்குகின்றன.

இலையும் பந்தியும்

மேசை புதிது, உண்ணும் இடத்தை அணிசெய்தல் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரியில் மாதரி அளித்த மனையில் கண்ணகி கோவலனுக்கு உணவு படைக்கும் காட்சியை ஆசிரியர்கள் நன்கறிவர். ஓலைத் தவிசில் அவனை இருத்தி, நிலத்தில் நீர் தெளித்துக் கையால் தடவி, இளவாழையின் குருத்திலையை விரித்த பின்னரே அவள் உணவு இடுகிறாள். உண்பவர் முன்னுள்ள நிலத்தைத் தூய்மை செய்து அதன்மீது பசுமையை விரிப்பது விருந்தோம்பலின் பகுதி என்பது இதனால் புலனாகும். திருக்குறள் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்துள்ளது. தொல்காப்பியச் செய்யுளியலில் 'விருந்து' என்பது புதுமையைக் குறிக்கிறது. புதியவரை ஏற்பதே விருந்தின் அடிப்படை.

ஆனால் பந்திக்கு மற்றொரு முகமும் உண்டு. யார் எந்த வரிசையில் அமர்வது, யார் சமைத்ததை யார் உண்பது என்பன சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தன. 1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய சீர்திருத்தத் திருச்சபைப் பணியும் இச்சிக்கலிலிருந்து விடுபடவில்லை. திருச்சபையில் தனித்தனி இருக்கைகளும், திருவிருந்துக் கிண்ணத்தைப் பகிர்வதில் பிணக்கும் நீடித்தன. 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிடுமாறு சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சைப் பகுதியில் பலர் அதனை எதிர்த்து விலகி நின்றனர். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிஷனரிமார் சிலர் 'அன்பின் விருந்து' என்னும் பொது உணவை ஒரு சோதனையாகவே வைத்தனர். தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை உடனமர்ந்து உண்பவரே சாதியைத் துறந்தவராகக் கருதப்பட்டார். உணவு மேசை தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் வெறும் தட்டுமுட்டுப் பொருளாக இருந்ததில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சிகள் சான்று.

இதே வினாவைச் சமயம் சாராத தளத்தில் எழுப்பியது சுயமரியாதை இயக்கம். சமபந்தி விருந்து அதன் முதன்மையான செயற்பாடுகளுள் ஒன்று. 1929-இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்றார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. உடன் உண்ணல் என்பது தேவாலயத்திற்கு உள்ளும் புறமும் ஒரே நூற்றாண்டின் கேள்வியாக இருந்தது.

அலங்காரம் பிறந்த காரணம்

ஐரோப்பியரின் மேசை அலங்காரம் தொன்மையானது அன்று. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை செல்வர் இல்ல விருந்துகளில் உணவு வகைகள் பலவும் ஒருசேர மேசைமீது பரப்பப்பட்டன. இது பிரெஞ்சு முறை எனப்பட்டது. மேசையின் நடுவிடத்தை உணவே நிறைத்ததால் பிற அணிகளுக்கு இடம் குறைவு. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் ரஷ்ய முறை பரவியது. ஏவலர் ஒவ்வோர் உணவாகச் சமையலறையிலிருந்து கொணர்ந்து விருந்தினர்க்குத் தனித்தனியே பரிமாறினர். உணவு மேசையை விட்டு அகன்றதும் நடுவிடம் வெறுமையாயிற்று. அவ்வெறுமையை மலர்களும் பழக்குவியல்களும் மெழுகுவர்த்தித் தண்டுகளும் நிரப்பின. இவ்வகையில் மேசை அலங்காரம் ஏவலரின் எண்ணிக்கையை மறைமுகமாக அறிவித்த ஓர் அடையாளம்.

கிறிஸ்துமஸ் மேசையின் உறுப்புகளும் அக்காலத்தனவே. நான்கு மெழுகுவர்த்தி கொண்ட திருவருகைக்கால வளையத்தின் முன்னோடியை 1839-இல் ஆம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் நடத்திய யோகான் விக்கர்ன் அமைத்தார். இழுத்தால் வெடித்துப் பரிசு தரும் காகிதக் குழலை லண்டன் மிட்டாய் வணிகர் டாம் ஸ்மித் 1840-களின் இறுதியில் உருவாக்கினார். விக்டோரியா அரசியின் குடும்பம் கிறிஸ்துமஸ் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848-இல் லண்டன் இதழொன்றில் வெளியான பின் அம்மரம் ஆங்கிலேய இல்லங்களில் பரவியது. மிகப் பழைமையானது என்று நாம் எண்ணும் வழக்கம் தொழிற்புரட்சிக்காலத்து நடுத்தர வகுப்பினரின் ஆக்கமே.

காலனிய ஆட்சி அதனைக் கிழக்கே கொணர்ந்தது. 'வைவெர்ன்' என்னும் புனைபெயரில் கென்னி-எர்பர்ட் எழுதிய சென்னைச் சமையல் நூல் 1878-இல் வெளிவந்தது. அந்நூலில் சமையற்காரர் 'ராமசாமி' என்னும் பொதுப்பெயராலேயே சுட்டப்படுகிறார். 1888-இல் ஃபுளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் இணைந்து வெளியிட்ட இல்லப் பராமரிப்பு நூல் ஏவலர் ஒவ்வொருவரின் கடமையையும் வரையறுத்தது. தமிழர் இம்மேசையை முதலில் அணுகியது விருந்தினராக அன்று. பின்னால் நின்று பரிமாறியவராகவே. சிங்கப்பூரில் ஐரோப்பியர் இல்லச் சமையலறைகள் பெரும்பாலும் ஹைனான் சீனர் கையில் இருந்தன. எனினும் துணி வெளுத்தல், தோட்ட வேலை, குழந்தை பராமரிப்பு ஆகியவற்றின் வழி இந்தியரும் அவ்வில்லங்களை உள்ளிருந்து அறிந்திருந்தனர்.

வடக்கின் தமிழர்: கடற்படைத் தளமும் அடுக்குமாடியும்

சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவரின் பழைய நிலையங்கள் நகர்ப்பகுதியைச் சார்ந்தவை. தமிழ்க் கத்தோலிக்கருக்கென ஓபீர் சாலையில் எழுந்த லூர்து அன்னை ஆலயம் 1888-இல் நிறைவுற்றது; 2005-இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவை அடுத்த ஷார்ட் தெருவில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இயங்குகிறது. தேக்காச் சந்தையும் பஃபலோ சாலைப் பூக்கடைகளும் இவற்றிற்கு நடைத்தொலைவில் உள்ளன.

வடக்குக்குத் தமிழரை ஈர்த்தவை ரப்பர் தோட்டங்களும் பிரிட்டிஷ் கடற்படைத் தளமும் ஆகும். ஜொகூரை இணைக்கும் கடற்பாலம் 1924-இல் முறைப்படி திறக்கப்பட்டது. செம்பவாங் கடற்படைத் தளத்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் கப்பல்துறை 1938 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளுமாக இந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினர் அங்குப் பணியாற்றித் தளக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அதிகாரிகளின் கறுப்பு வெள்ளை மாளிகைகள் இன்றும் செம்பவாங்கில் நிற்கின்றன. அம்மாளிகையின் உணவுக்கூடமும் தொழிலாளி குடியிருப்பும் ஒரே தளத்தின் இரு வேறு உலகங்கள்.

1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு தன் படைகளை 1971 முடிவுக்குள் விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. கப்பல்துறை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. தளத்தின் வேலையோடு வீடும் பிணைந்திருந்த குடும்பங்களுக்கு இது பெருந்திருப்பம். இதே பத்தாண்டில்தான் 1960-இல் நிறுவப்பெற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் உட்லண்ட்ஸ் புதுநகரை எழுப்பத் தொடங்கியது. அதன் தொடக்கப் பகுதிகளுள் ஒன்று மார்சிலிங். முன்னர் தோட்ட நிலமாக இருந்த அவ்விடத்தின் பெயர், தோட்ட உரிமையாளர் லிம் நீ சூனின் சீனச் சொந்த ஊரோடு தொடர்புபடுத்தப்படுகிறது. 1996-இல் பெருவிரைவு ரயில் நிலையமும் வந்தது. உட்லண்ட்ஸ் தூய அந்தோணியார் ஆலயம், செம்பவாங் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை ஆகியவை இவ்வட்டாரக் கிறிஸ்தவர்க்கு அண்மையில் அமைந்தவை.

உணவு மேசை பெரும்பான்மைத் தமிழ்க் குடும்பங்களுக்கு உடைமையானது அடுக்குமாடி வீட்டில்தான் எனலாம். மூவறை வீடு என்பது ஏறத்தாழ 60 முதல் 65 சதுர மீட்டர். தரையில் பந்தி விரிக்க முற்றமோ திண்ணையோ இல்லை. சமையலறையை ஒட்டிய இடத்தில் நால்வர் அல்லது அறுவர் அமரும் மேசை ஒன்றே பொருந்தும். பகலில் பிள்ளைகள் பாடம் எழுதுவதும் மாலையில் காய் நறுக்குவதும் அதன்மீதே. டிசம்பர் மாதத்தில் அதுவே விருந்து மேசையாகிறது.

மார்சிலிங் மேசையின் அமைப்பு

இவ்வட்டார இல்லங்களில் நாம் கண்ட மேசைகளில் பொதுவாக விளங்கும் கூறுகள் மூன்று.

முதலாவது, இடமாற்றம். இங்கு ஏவலர் வரிசையாகப் பரிமாறுவதில்லை. பிரியாணி, கோழிக்கறி, ரவையும் வெண்ணெயும் பாதாமும் சேர்ந்த சுஜி கேக், அன்னாசிப் பழப் பணியாரம், அச்சு முறுக்கு ஆகிய அனைத்தும் ஒருசேர மேசையில் வைக்கப்படுகின்றன. விருந்தினர் தட்டில் எடுத்துக்கொண்டு கூடத்தில் அமர்கின்றனர். ரஷ்ய முறையால் வெளியேறிய உணவு மீண்டும் மேசையின் நடுவுக்கு வந்துவிட்டது. ஆகவே அலங்காரம் ஓரங்களுக்கு ஒதுங்குகிறது: விரிப்பின் விளிம்பில் ஒரு பட்டுச்சரிகைத் துணி, சுவரை ஒட்டிய மூலையில் மெழுகுவர்த்தி, மேலே தொங்கும் நட்சத்திர விளக்கு. பெரனாக்கான் சீனரின் 'தோக் பாஞ்சாங்' என்னும் நீள்மேசை விருந்திலும் உணவு வகைகள் யாவும் ஒருங்கே பரப்பப்படுகின்றன. தென்கிழக்காசிய மண்ணில் மேசை என்பது படையல் போன்றே நிறைந்திருத்தல் வேண்டும் என்னும் உணர்வு இவற்றில் வெளிப்படுகிறது.

இரண்டாவது, மாற்றுப்பொருள். ஊசியிலை மரக்கிளையும் ஹாலி இலையும் நிலநடுக்கோட்டு வெப்பத்தில் இயல்பாக விளைவன அல்ல. தமிழகத்தில் கிறிஸ்துமஸ் மரத்திற்குச் சவுக்குக் கிளை பயன்படுவதை அறிவோம். அதே சவுக்கு சிங்கப்பூர்க் கடற்கரைக்கும் உரியது. தஞ்சோங் ரூ என்னும் இடப்பெயர் 'சவுக்கு முனை' என்றே பொருள்படும். இன்று பிளாஸ்டிக் கிளைகள் பெருகிவிட்ட போதிலும் தேக்காவில் வாங்கிய மல்லிகைச் சரத்தை மெழுகுவர்த்தியைச் சுற்றி வளையமாக்குவதையும், உணவுத் தட்டுகளின் அடியில் வாழையிலையை நீளவாக்கில் விரிப்பதையும் காண முடிகிறது. விரிப்புக்கும் தட்டுக்கும் இடையே அவ்விலை வந்து அமர்வது தற்செயல் அன்று. விருந்து என்றால் பசுமையின்மீது உணவு என்னும் பழைய இலக்கணம் மேசைமீதும் தன்னை நிலைநாட்டிக்கொள்கிறது. அச்சு முறுக்கும் அவ்வாறே. தமிழ்க் கிறிஸ்தவரும் ஆங்கிலோ-இந்தியரும் கிறிஸ்துமஸுக்குச் சுடும் இப்பண்டம் மலாய் இல்லங்களில் 'குவே ரோஸ்' என்று வழங்குகிறது.

மூன்றாவதும் நம் ஆய்வுக்கு முதன்மையானதுமாகிய கூறு, பிரித்துவைக்கும் ஒழுங்கு. 2010-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 15 வயதும் அதற்கு மேலுமுள்ள சிங்கப்பூர்வாசிகளான இந்தியருள் ஏறத்தாழ எட்டில் ஒருவரே கிறிஸ்தவர். 1989 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் ஒவ்வோர் அடுக்குமாடிக் கட்டடத்திலும் பல இனத்தார் கலந்து வாழ்கின்றனர். ஆகவே மார்சிலிங் கிறிஸ்துமஸ் விருந்தினருள் இந்து உறவினரும், மலாய் முஸ்லிம் அண்டைவீட்டாரும், சீன நண்பரும் இடம்பெறுவர். மேசையின் ஒரு பக்கத்தில் சைவ உணவு தனிக் கரண்டிகளுடன் வைக்கப்படுகிறது. முஸ்லிம் விருந்தினர்க்கான உணவு ஹலால் சான்று பெற்ற கடையிலிருந்து வரவழைக்கப்பட்டு, கடையின் பெயர் தெரியும்படி பெட்டியோடே வைக்கப்படுகிறது. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் ஹலால் சான்றளிக்கத் தொடங்கியது 1978-இல். அச்சான்றின் சின்னம் இன்று மேசையில் மெழுகுவர்த்திக்கு நிகரான இடத்தைப் பெறுகிறது. பெயர் எழுதிய சிறு அட்டைகள் முன்னாளில் யார் எங்கே அமர வேண்டும் என்பதைக் காட்டின. இங்கோ எந்தத் தட்டில் எது உள்ளது என்பதைக் காட்டுகின்றன. இருக்கையின் படிநிலையை அறிவித்த அட்டை, விருந்தினரின் நம்பிக்கையைக் காக்கும் அட்டையாயிற்று.

இங்கு ஓர் ஐயம் எழலாம். பந்தியில் சாதியால் பிரித்ததற்கும் மேசையில் சமயத்தால் பிரிப்பதற்கும் என்ன வேறுபாடு? வேறுபாடு அடிப்படையானது. பந்தியில் பிரிக்கப்பட்டவர் மனிதர். இங்குப் பிரிக்கப்படுவது உணவு. முன்னதில் உடன் அமர்தலே தடுக்கப்பட்டது; பின்னதில் உடன் அமர்தற்பொருட்டே உணவு வகுக்கப்படுகிறது. எல்லாரும் ஒரே தட்டில் உண்டாக வேண்டும் என்று கட்டாயப்படுத்திய 19-ஆம் நூற்றாண்டுச் சோதனை விருந்தினின்றும் இது வேறானது. ஒருவர் தம் நெறியைக் கைவிடாமலே உடன் உண்ண வழிசெய்யும் மேசை இது.

எழுதப்படாத உழைப்பு

இவ்வலங்காரத்தைச் செய்வோர் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளுமே. நள்ளிரவு ஆராதனைக்கு முன் விரிப்பைத் தேய்த்து, கேக்கைச் சுட்டு, கரண்டிகளை வகைபிரித்து வைப்பது குடும்பத் தலைவியின் பணி. வண்ணக் காகிதச் சங்கிலி பிள்ளைகளின் பணி. ஏவலரின் உழைப்பு இல்லத்தரசியின் உழைப்பாக மாறியதே அன்றி மறைந்துவிடவில்லை. சில இல்லங்களில் அது வெளிநாட்டுப் பணிப்பெண்ணின் உழைப்பாகவும் உள்ளது. சமத்துவ மேசையைப் பற்றிப் பேசும் ஆய்வு இதனை மறைத்தல் கூடாது.

கடைப்பொருட்களின் வரவும் இவ்வுழைப்பின் தன்மையை மாற்றியுள்ளது. 1858-இல் தோன்றிய ராபின்சன்ஸ் போன்ற பேரங்காடிகள் முன்னர் ஐரோப்பியர்க்கும் வசதி படைத்தோர்க்கும் உரியனவாக இருந்தன. 1984-இல் ஆர்ச்சர்ட் சாலைக் கிறிஸ்துமஸ் ஒளியூட்டு தொடங்கிய பின் அலங்காரப் பொருட்கள் எல்லா வருவாய்ப் பிரிவினரையும் எட்டின. அப்பேரங்காடியின் கடைசிக் கிளை 2021-இல் மூடப்பட்டுவிட்டது. அக்கம்பக்கக் கடைகளில் காகித நட்சத்திரங்கள் விற்பனை தொடர்கிறது.

2020-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இம்மேசையின் பொருளை எதிர்மறையாக மெய்ப்பித்தது. பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டால் ஒரு வீட்டிற்கு ஒரே வேளையில் ஐந்து விருந்தினர் மட்டுமே வரலாம். மார்சிலிங்கின் சன்னலிலிருந்து தென்படும் ஜொகூரில் வாழ்ந்த உறவினர்க்குக் கடற்பாலம் கடந்து வர இயலவில்லை. அப்பயணம் 2022 ஏப்ரலில்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. மேசை அலங்கரிக்கப்பட்டது, கேக்கும் பலகாரமும் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அண்டைவீட்டுக் கதவுகளில் தொங்கவிடப்பட்டன. விருந்தினர் மேசைக்கு வர இயலாதபோது மேசை விருந்தினரிடம் சென்றது. அலங்காரம் கண்ணுக்கன்று, வருபவர்க்கே என்பதை இல்லத்தார் அவ்வாண்டில் தெளிவாக உணர்ந்திருப்பர்.

முடிவுரை

மார்சிலிங் கிறிஸ்துமஸ் மேசையில் போர்ச்சுகீசியச் சொல்லும், ஜெர்மானிய வளையமும், ஆங்கிலேயர் விரிப்பும், மலாய்ப் பண்டமும், தமிழரின் வாழையிலையும் ஒருங்கு சேர்ந்துள்ளன. இக்கலப்பைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடல் ஆகாது. தமிழகத் திருச்சபைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தீர்க்க முயன்ற 'யாருடன் உண்பது' என்னும் வினாவிற்கு, கப்பல்துறைத் தொழிலாளியின் வழிவந்தோர் ஆறுபேர் அமரும் ஒரு மேசையில் நடைமுறை விடை கண்டுள்ளனர். அவ்விடை எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்படவில்லை. தனிக் கரண்டியிலும் பெயரட்டையிலும் எழுதப்பட்டுள்ளது.

கடற்படைத் தளக் குடியிருப்புகளில் வாழ்ந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. மண்ணெண்ணெய் அடுப்பில் சுட்ட முதல் கேக்கையும், தரையிலிருந்து மேசைக்கு மாறிய ஆண்டையும் நினைவில் வைத்திருப்போர் குறைந்து வருகின்றனர். தமிழாசிரியர்கள் பண்டிகை பற்றிக் கட்டுரை எழுதப் பணிக்கும்போது, "உங்கள் வீட்டு மேசை எப்போது வந்தது? அதில் யார் யார் உண்டனர்?" என்று தாத்தா பாட்டியரிடம் கேட்டு எழுதுமாறு மாணவரை ஊக்கலாம். அவ்வாறு சேரும் ஏடுகள், ஆவணக் காப்பகம் தராத ஒரு வரலாற்றை நமக்குத் தரும்.